இலங்கைக் குளவிகளுக்குப் பெயர் வந்த கதை

இரத்தினபுரி மாவட்டத்தில், சிவனொளிபாதமலையின் அடிவாரத்துப் பக்கமாகக் கிலிமலே காடு இருக்கிறது. அந்த ஈரக் காட்டின் நிழலில் வளரும் ஒரு சிறு மரத்தைச் சிங்களத்தில் ‘கல்கரந்த’ என்பார்கள். தாவரவியலார் வைத்த பெயர் ஹம்போல்டியா லோரிஃபோலியா. அதன் கிளைகளில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் சில இடங்கள் ஊதிப் பருத்திருக்கும். உள்ளே சோறு இல்லை, வெறும் குழாய்தான். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறு வாசல் உண்டு. எறும்புகள் அதிகமாகக் குடியிருக்கும் இடம் அது. சில குழாய்களில் மட்டும் ஒரு சின்னஞ்சிறு கறுப்புக் குளவி தன் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குளவிக்கு 1996இல்தான் பெயர் வந்தது: குரோம்பைனிக்டஸ் நோர்டனே. பெயரிட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ழான் லெக்லேர்க். புதிய இனமாக மட்டுமல்லாமல், புதிய பேரினமாகவே அதை அவர் விவரித்தார். காட்டில் அது எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக இருந்துவந்தது. அறிவியலின் ஏட்டில் ஏறியது முப்பது வருடங்களுக்கு முன்புதான். இந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கும் மேலான ஒரு தொழிலின் வரலாறு இருக்கிறது. சிறிய குளவிகளைப் பிடித்து, ஊசியில் ஏற்றி, பார்த்து, எழுதி, பெயரிடும் தொழில் அது.

குளவி என்றதும் இலங்கைத் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது மலையகச் செய்திதான். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வராத வருடமில்லை. உயிரிழந்தவர்களும் உண்டு. அவை கூட்டமாக வாழ்ந்து, கூட்டைக் காக்கக் கூட்டமாகவே பாய்ந்து வரும் பூச்சிகள். ஆனால் குளவி இனங்களில் மிகப் பெரும்பான்மை அப்படி வாழ்வதில்லை. அவற்றில் பலவற்றில் ஒவ்வொரு பெண் குளவியும் தனியாகக் கூடு கட்டி, தனியாக இரை தேடி, தனியாக முட்டையிட்டுவிட்டுப் போகும். காக்கப் படை இல்லாததால் அவை மனிதரைத் தேடிவந்து கொட்டுவதில்லை. கையால் நசுக்கினால் கொட்டும், அவ்வளவுதான். அவற்றில் பல நெல்மணி அளவுகூட இருக்காது. பெயரில்லாமல் கிடந்தவை பெரும்பாலும் இவைதான்.

பெரியவற்றுக்குப் பெயர் சீக்கிரமே வந்துவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் யன்னல் மூலையிலோ மின்மானிப் பெட்டியின் ஓரத்திலோ மண்கூடு கட்டும் குளவியை அறியாதவர் இல்லை. கிணற்றடியின் அல்லது கசியும் குழாயடியின் சேற்றை உருண்டை உருண்டையாக வாயில் கவ்வி வந்து, விரல் நீளத்துக்கு ஒரு குழல் கட்டும். பிறகு சிலந்திகளைக் கொட்டி மயக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் திணித்து, ஒரு முட்டையிட்டு வாயை மண்ணால் அடைத்துவிடும். அடுத்த குழல் அதன் பக்கத்திலேயே எழும். வீட்டில் இது கூடு கட்டினால் பிள்ளைப்பேறு வரும் என்று சொல்லி, உடைக்கவிடாத அம்மம்மாக்கள் இருந்தார்கள். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்ற நம்பிக்கையும் இத்தகைய மண்கூடுகளிலிருந்து பிறந்ததுதான். கூட்டுக்குள் இரை போவதையும் அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வருவதையும் கண்டவர்கள், நடுவில் நடப்பதைக் காண வழியில்லை. முட்டையிலிருந்து வரும் புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து குளவியாகிறது.

இந்த மண்கூட்டுக் குளவிகளில் ஒன்றுக்கு அறிவியலில் சென்னையின் பெயர்: சீலிஃப்ரான் மதராஸ்பட்டனம். 1781இல் அதை விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ். ஸ்வீடனின் லின்னேயஸிடம் படித்தவர். கீழைநாட்டுப் பூச்சிகள் அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததில் தரங்கம்பாடிக்குப் பெரிய பங்கு உண்டு. டேனியர்களின் அந்தச் சிறு துறைமுகத்துக்கு 1768இல் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் இன்னொரு மாணவர். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் வேலை பார்த்தார். இலங்கைக்கும் வந்துபோனார். செடிகளோடு பூச்சிகளையும் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார். சோழமண்டலக் கரையில் பிடிபட்ட ஒரு வண்டோ குளவியோ கப்பலேறி ஐரோப்பா போய், லத்தீனில் இரண்டு மூன்று வரி எழுதப்பட்டு, பெயர் பெற்றது.

அந்த இரண்டு மூன்று வரிதான் பின்னாளில் தலைவலியானது. தலை கறுப்பு, கால் மஞ்சள், வாழ்விடம் இந்தியா என்று எழுதினால் போதும் என்றிருந்த காலம். பத்து இனங்களுக்குப் பொருந்தக்கூடிய விவரிப்பு அது. எந்த ஊர், எந்த மாதம், எந்த மரம் என்ற பேச்சே இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலிருந்து போன பெட்டிகள் பெருகின. இராணுவ வைத்தியரான ராபர்ட் டெம்பிள்டன் கொழும்பில் இருந்தபடி பூச்சிகளைச் சேர்த்தார். றம்பொடையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியர் ஜோன் நீட்னர், கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றி 1861இல் ஒரு புத்தகமே எழுதினார். இலங்கைப் பூச்சிகள் பலவற்றை லண்டனில் பிரான்சிஸ் வாக்கர் விவரித்தார். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் இயற்கை வரலாறு பற்றி 1861இல் வெளியிட்ட நூலில், கரப்பான்பூச்சியை இழுத்துக்கொண்டு போகும் பச்சை நிறக் குளவியையும் குறிப்பிடத் தவறவில்லை. அம்புலெக்ஸ் கம்ப்ரெஸா என்ற அந்தக் குளவி கரப்பானின் தலைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில் துல்லியமாகக் கொட்டி, அதன் சுயவிருப்பத்தை அடக்கி, உணர்கொம்பைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறது என்பது நரம்பியலார் மிகப் பின்னால் விளக்கிய விஷயம்.

1877 ஜனவரி 1ஆம் திகதி கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் முயற்சி. கட்டியவர் வாப்புச்சி மரைக்கார். பூச்சிகளை உள்ளூரிலேயே வைத்துப் பாதுகாக்க ஓர் இடம் முதன்முறையாகக் கிடைத்தது. 1903இல் அங்கிருந்து ‘ஸ்போலியா செய்லானிக்கா’ என்ற ஆய்விதழும் வரத் தொடங்கியது. இருந்தும் குளவிக்குப் பெயர் வைக்கும் வேலை நூதனசாலை இருக்கும் கறுவாத்தோட்டத்துக்கு வந்துவிடவில்லை. சார்ல்ஸ் பிங்ஹாம் 1897இல் பிரித்தானிய இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் ஒரே நூலில் தொகுத்தபோது, திருகோணமலையில் யெர்பரி என்ற இராணுவ அதிகாரி பிடித்த மாதிரிகள் அதில் இடம்பெற்றன. பீட்டர் கேமரன் இங்கிலாந்தில் இருந்தபடியே, இலங்கையிலிருந்து வந்த குளவிகளுக்குக் கணக்கில்லாமல் பெயர் வைத்துத் தள்ளினார். வறுமையில் வாழ்ந்து, ஓயாமல் எழுதியவர். அவருடைய விவரிப்புகளைப் பிரித்தறிய அடுத்த தலைமுறையினர் படாத பாடு பட்டார்கள்.

பிடிப்பவர் ஒரு கரையிலும் பார்ப்பவர் இன்னொரு கரையிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் காலமே சாட்சி. குளவியின் உடல் லண்டனுக்குப் போனது. அது எங்கே கூடு கட்டியது, எதைப் பிடித்தது, எந்த மழைக்காலத்தில் பறந்தது என்ற செய்தி போகவில்லை. உயிர் வாழும் முறை தெரியாமல் உடலுக்கு மட்டும் பெயர் வைப்பது பாதி வேலைதான்.

மீதிப் பாதியைச் செய்யத் துணிந்தவர் கார்ல் குரோம்பைன். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1912இல் பிறந்தவர். 1967இல் அவர் வெளியிட்ட நூல் மரக்குச்சிகளின் துளைகளில் கூடு கட்டும் குளவிகளையும் தேனீக்களையும் பற்றியது. சிறு மரக்கட்டைகளில் பல அளவுகளில் துளையிட்டு மரங்களில் கட்டித் தொங்கவிடுவார். தனிக்குளவி அதைத் தன் கூடாக்கிக்கொள்ளும். பிறகு கட்டையைப் பிளந்து பார்த்தால் அறை அறையாக முட்டையும் இரையும் மண் தடுப்பும் தெரியும். குளவி எதைத் தின்று வளர்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து எழுதலாம்.

வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கைப் பூச்சிகளை ஆராய ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது அதன் பொறுப்பு அவருக்கு வந்தது. இதற்குப் பணம் வந்த வழி இலங்கை வாசகர்கள் அறிய வேண்டியது. அமெரிக்கா 1954இல் இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்படி, தன்னிடம் மிஞ்சிய தானியத்தை ஏழை நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்துக்கே விற்றது. அப்படிச் சேர்ந்த உள்ளூர்ப் பணத்தில் ஒரு பங்கு அந்தந்த நாட்டிலேயே ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டது. நம் வீடுகளில் பாணாகவும் ரொட்டியாகவும் ஆன கோதுமை மாவின் பணம், காட்டில் பூச்சி பிடிக்க உதவியிருக்கிறது.

குரோம்பைன் தனியாக அலையவில்லை. கொழும்பு நூதனசாலையின் பூச்சியியல் அலுவலர் பி. பி. கருணாரத்ன அவரோடு நின்றார். நூதனசாலைத் தோட்டத்திலேயே பூச்சிகள் பிடிக்கப்பட்டன. லபுகம நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டில் பிடிக்கப்பட்டன. கொழும்பின் குழாய்நீருக்காக 1886இல் கட்டிய நீர்த்தேக்கம் அது. வக் ஓயா அங்கிருந்து இறங்கிக் களனி கங்கையில் கலக்கிறது. தண்ணீர் மாசுபடாமலிருக்கச் சுற்றிலும் காட்டை வெட்டவிடாமல் காத்தார்கள். நகரத்தாரின் குடிநீருக்காகக் காத்த காடு, யாரும் எண்ணிப் பார்த்திராத குளவிகளையும் சேர்த்துக் காத்தது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு லபுகமவின் இந்த இன்னொரு பெருமை தெரியாது.

வடக்கும் விடுபடவில்லை. மன்னாரில் சிலாவத்துறையை அடுத்த கொண்டச்சி, மதவாச்சியிலிருந்து மன்னார் போகும் வழியில் பறயனாலங்குளத்து வாய்க்கால்கரை, திருகோணமலையில் சீனன்குடா என்று 1970களின் சேகரிப்புச் சீட்டுகளில் தமிழ்ப் பிரதேசத்து ஊர்கள் வரிசையாக வருகின்றன. 1983க்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தப் பக்கம் யாரும் வலையோடு நடமாட முடியவில்லை. போருக்கு முன் வன்னியில் எந்தக் குளவி பறந்தது என்று அறிய இன்று நமக்கு மிஞ்சியிருக்கும் சான்றுகளில் அந்தச் சிறு சீட்டுகள் முக்கியமானவை. இதை மிகைப்படுத்திச் சொன்னதாக நினைக்க வேண்டாம். ஊரும் நாளும் எழுதாத பூச்சி, முகவரி கிழிந்த கடிதத்தைப் போல யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும்.

பிடிப்பதற்கு வலை மட்டும் போதாது. ஸ்வீடனைச் சேர்ந்த ரெனே மலேஸ் 1930களில் பர்மாவில் பூச்சி தேடியவர். முகாமடித்துத் தங்கிய இடங்களில், கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் மேல் மூலையில் போய்க் குவிவதைக் கவனித்திருந்தார். மூலையில் ஒரு போத்தலைக் கட்டினால் தாமாகவே விழுமே என்று தோன்றியது. இன்று உலகமெங்கும் காடுகளில் கட்டும் மலேஸ் பொறி அதுதான். இன்னொன்று அதைவிட எளிது. மஞ்சள் நிறக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரம் சில துளி விட்டுத் தரையில் வைத்தால், பூவென்று நினைத்து இறங்கும் சிறு குளவிகள் மூழ்கிவிடும்.

அதன்பின் வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. சிறு குளவியின் உடலில் ஊசி குத்தினால் உடைந்துபோகும். ஆகவே தடித்த காகிதத்தில் ஒரு சிறு முக்கோணம் வெட்டி, அதன் கூர்முனையில் பசை தொட்டு, குளவியின் நெஞ்சுப் பக்கத்தை ஒட்டுவார்கள். ஊசி முக்கோணத்தின் அகன்ற பகுதியில் குத்தப்படும். அதே ஊசியில் கீழே சீட்டு: நாடு, மாவட்டம், ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், பிடித்தவர் பெயர். பிறகு நுண்காட்டி. முகத்தகட்டின் விளிம்பு வளைந்திருக்கிறதா, பல் போல் நீட்டியிருக்கிறதா? உணர்கொம்பில் எத்தனை கணு? முன்சிறகின் நரம்புகள் எத்தனை அறைகளை அடைக்கின்றன? நெஞ்சின் மேற்பரப்பில் உள்ள குழிகள் நெருக்கமா, விலகியவையா? ஆணின் இனப்பெருக்க உறுப்பைத் தனியே பிரித்து, வரைந்து, கிளிசரினில் இட்டு வைப்பார்கள். இரண்டு இனங்களுக்கு இடையில் வேறுபாடு பல சமயம் அங்கேதான் இருக்கும்.

ஒப்பிட வேறொன்று இல்லாமல் புதியது என்று சொல்ல முடியாது. அங்கேதான் பழைய கடன் வந்து கழுத்தைப் பிடிக்கிறது. கேமரன் பெயரிட்ட குளவியோடு ஒப்பிட வேண்டுமானால் லண்டனுக்குப் போக வேண்டும், அல்லது அங்கிருந்து இரவல் வாங்க வேண்டும். ஃபாப்ரிசியஸின் சேகரிப்பின் பெரும்பகுதி கோப்பன்ஹேகனில். ஒவ்வொரு புதிய பெயருக்கும் ஆதாரமான மாதிரியை மூலமாதிரி என்று குறித்து, அது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு முதல் சர்வதேச விதி. 2003இல் கனடாவின் போல் ஹெபர்ட் முன்வைத்த டிஎன்ஏ பட்டைக்குறி முறை, ஒரு காலை மட்டும் எடுத்துப் பரிசோதித்து இனத்தைப் பிரிக்க உதவுகிறது. அதுவும் ஒப்பிடும் வேலையை எளிதாக்குமே தவிர, முகத்தகட்டைப் பார்க்கும் கண்ணுக்கு விடை கொடுத்துவிடாது.

இப்படி உழைத்ததில் பிறந்தது குரோம்பைனின் ‘சிலோன் குளவிகள்’ வரிசை. நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னும் தலைப்பு சிலோன் என்றே நின்றது. 1979இல் கரப்பான் வேட்டைக் குளவிகள், 1981இல் ஃபிலாந்திடே குடும்பம், 1983இல் குச்சிப்பூச்சிகளின் முட்டைகளில் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகள் என்று, 1990கள்வரை ஏறக்குறைய இருபது பாகங்கள் வெளிவந்தன. பலவற்றிலும் புதிய இனங்கள். அவற்றோடு கூடு, இரை, பருவம் பற்றிய குறிப்புகளும் இருந்தன. கேமரன் காலத்து விவரிப்பையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர், ஒரு தொழில் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று கண்கூடாகக் காணலாம்.

கிலிமலேயின் குளவிக்கு வருவோம். அமெரிக்கப் பூச்சியியலாளர் பெத் நோர்டன் குரோம்பைனோடு சேர்ந்து கல்கரந்தக் கிளைகளைப் பிளந்து ஆராய்ந்தார். பேரினப் பெயர் குரோம்பைனுக்கும் இனப் பெயர் நோர்டனுக்கும் உரியவை. குரோம்பைனைக் கௌரவித்து வாஷிங்டன் பூச்சியியல் சங்கம் வெளியிட்ட மலரிலேயே லெக்லேர்க்கின் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு, குரோம்பைனும் நோர்டனும் அதன் வாழ்க்கையை எழுதினார்கள். அப்போது குரோம்பைனுக்கு வயது ஏறக்குறைய 85.

அவர்கள் கண்டது பூச்சியியலாரைத் திகைக்க வைத்தது. இந்தக் குளவியின் உறவுகள் பெரும்பாலும் ஈக்களைப் பிடித்துத் தம் புழுக்களுக்குக் கொடுப்பவை. இது கொடுப்பது மகரந்தம். முட்டையிட்டு வாசலை அடைத்துவிட்டுப் போகும் வழக்கமும் இதற்கு இல்லை. தாய் கூட்டிலேயே இருந்து, வளரும் புழுவுக்கு அவ்வப்போது ஊட்டுகிறது.

இதன் பொருளை உணரத் தேனீயை நினைக்க வேண்டும். உலகத்துத் தேனீக்கள் அனைத்தும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன், வேட்டையாடும் ஒரு குளவிக் குலத்திலிருந்து பிரிந்து வந்தவை. இறைச்சியை விட்டு மகரந்தத்துக்கு மாறிய அந்த ஒரு திருப்பம்தான் நமக்குத் தேனையும், எத்தனையோ பயிர்களுக்கு மகரந்தச் சேர்க்கையையும் தந்தது. அதே திருப்பத்தை, தேனீக்களோடு தொடர்பில்லாமல், இலங்கையின் ஒரு காட்டில் ஒரு மரக்கிளைக்குள் இன்னொரு குளவி தனியாக எடுத்திருக்கிறது. அந்தக் காடு தோட்டத்துக்கோ வீதிக்கோ பலியாகியிருந்தால், இப்படி ஒன்று நடந்தது என்றே எவருக்கும் தெரிந்திருக்காது.

குரோம்பைன் 2005இல் காலமானார். அவர் செய்த அளவுக்கு இலங்கையின் தனிக்குளவிகளைத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் இந்தத் தீவிலேயே உருவாக வேண்டும். வெளிநாட்டார் வந்து பிடித்துக்கொண்டு போகும் காலம் சட்டத்தாலும் முடிந்துவிட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அனுமதியின்றிச் சேகரிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் தடுக்கின்றன. அது நல்லதே. ஆனால் தடுத்தால் மட்டும் போதாது, நாமே பார்த்து எழுதும் ஆட்களை வளர்க்கவும் வேண்டும். பேராதனையிலும் களனியிலும் யாழ்ப்பாணத்திலும் விலங்கியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பூச்சி வகைப்பாட்டைப் பட்டத்துக்கான ஒரு வருட ஆய்வோடு விட்டுவிடாமல் வாழ்நாள் வேலையாகச் செய்ய அவர்களுக்குச் சம்பளமும் நிரந்தரப் பதவியும் தேவை. நூதனசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்தப் பதவிகளை உருவாக்கும்படி கல்வியமைச்சையும் கலாசார அமைச்சையும் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு குளவியைக் கண்டால் படமெடுத்து, ஊர், நாள், நேரம், அது இருந்த செடி ஆகிய நான்கையும் எழுதிவைக்கப் பிள்ளைகளுக்கு இந்தத் தவணையிலேயே பழக்குங்கள்.